குரங்கின் தொண்டையில் குற்றமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

விலங்குகளின் மொழி பற்றிக் கடந்த வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். குரங்கு நமக்கு உறவு என்பதால் பேச்சிலும் அதுதான் நமக்குக் கிட்ட, தொண்டைதான் அதற்குச் சரிவரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேட்டுப் படிப்பதில் பாட்டுக் குருவிதான் நமக்குக் கிட்ட.

கன்னியாவில் அக்காவின் வளவுக்குச் செங்குரங்குக் கூட்டமொன்று அடிக்கடி வரும். குரும்பையைப் பிடுங்கி, ஒரு கடி கடித்து எறிந்துவிட்டுப் போகும். (2025 மார்ச் 15 காலை தோட்டத்துக்கு வரும் குரங்கு போன்ற விலங்குகளை நாடு முழுக்க ஐந்து நிமிடம் எண்ண அரசாங்கம் சொன்னதே, அன்றைக்கென்று ஒன்றுகூட வரவில்லை.) பழுத்த மரத்தைக் கண்டால் ஒன்று குரல் கொடுக்கும், மற்றவை ஓடிவரும். பொலன்னறுவையில் இவற்றைப் பல வருடம் ஆராய்ந்த டிட்டஸ், நல்ல தீனி அகப்பட்டதைச் சொல்ல இவற்றுக்குத் தனிக்குரல் உண்டு என்று 1984இலேயே எழுதிவிட்டார். சரி, அர்த்தம் இருக்கிறது. ஆனால் குரங்கின் குரல் பெரும்பாலும் பிறப்போடு வருவது. ஜப்பானியக் குரங்குக் குட்டியை ரீசஸ் என்ற வேறு இனக் குரங்கிடம் வளர்க்கக் கொடுத்துப் பார்த்தபோதும் அது அநேகமாகத் தன் இனத்துக் குரலிலேதான் கத்தியது.

எங்கள் வீட்டு மதில் ஓட்டையில் கூடு கட்டும் கறுப்பு வெள்ளைக் குருவி வேறு ரகம். புத்தகத்தில் குண்டுக்கரிச்சான், சிங்களத்தில் பொல்கிச்சா. விடியப்புறம் அன்ரெனாக் கம்பியில் நின்று ஆண்குருவி பாடும். நடுவே வேறு குருவிகளின் சத்தத்தையும் எடுத்துவிடும். போன வருடம் இளசு ஒன்று பூவரசுக்குள் இருந்து பல நாள் முணுமுணுத்தது, நம் குழந்தைகள் பேசுமுன் மழலை பேசுவதுபோல. பாட்டுக் குருவிகள் கேட்டுத்தான் படிக்கின்றன. 1950களில் இங்கிலாந்தில் தோர்ப் என்பவர் சாஃபின்ச் என்ற பாட்டுக் குருவியின் குஞ்சுகளைப் பெரிய குருவிகளின் பாட்டே காதில் விழாமல் வளர்த்தார். அவை வளர்ந்து பாடியது அரைகுறைப் பாட்டு.

தொண்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். 2016இல் ஃபிட்ச் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு குரங்கின் வாயையும் தொண்டையையும் எக்ஸ்ரே வீடியோவில் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். புரியக்கூடிய பேச்சுக்கு வேண்டிய அளவு உயிரொலிகளை அந்தத் தொண்டையால் எழுப்ப முடியும் என்று தெரிந்தது. இல்லாதது, அதை ஆட்டிவைக்கும் மூளை அமைப்பு.

இன்னொன்று. கட்டுரையோடு செங்குரங்கு என்று போட்டிருந்த படத்தில் இருப்பது முகம் கறுத்த சாம்பல் மந்தி. அடுத்த இதழிலாவது திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.