ஆலோசகரின் பதிவு எண் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மனநலக் கட்டுரையில், ‘தகுதியான ஆலோசகரைத் தேடிக்கொள்வது பெற்றோரின் பொறுப்பு’ என்று ஒரு வரி இருந்தது. அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை. எதை வைத்துத் தேடுவது, ஐயா? மருந்தாளுநருக்கு 1948 முதல் சட்டம் இருக்கிறது. வழக்கறிஞர் தவறு செய்தால் பார் கவுன்சிலில் முறையிடலாம். ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டியிருப்பவரிடம் எதைக் கேட்பது?

என் மகள் பிளஸ் டூ படித்தபோது தேர்வு பயத்தில் தூக்கமின்றித் தவித்தாள். ஊரில் பெயர் பெற்ற ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். மூடிய அறையில் அவள் அழுதுகொண்டே சொன்னது அடுத்த வாரமே பள்ளி ஆசிரியர் அறையில் பேச்சானது. அந்த மனிதர் படித்தது வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு மட்டுமே என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவ கவுன்சிலில் கேட்டால், ‘அவர் மருத்துவர் இல்லையே’ என்றார்கள். காவல் நிலையத்தில், எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்று என்னையே கேட்டார்கள். என் மகள் இன்றுவரை வேறு எந்த ஆலோசகரின் வாசலையும் மிதிக்க மறுக்கிறாள்.

சட்டம் இருப்பது தாங்கள் அறியாததல்ல. மருத்துவ உளவியலாளர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். மற்ற உளவியலாளர்களையும் ஆலோசகர்களில் சில பிரிவினரையும் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம் பதிவுக்குள் கொண்டுவந்தது. ஆறு மாதத்தில் மாநில கவுன்சில்களை அமைக்கச் சொன்ன சட்டம் அது. 2024-இல் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்கும் நிலை வந்தது! 2025 ஜூலையில் அதே நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது வேண்டும் என்றது. எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் அந்தப் பொறுப்பு விளையாட்டு ஆசிரியர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. நல்ல மனிதர், ஆனால் இதற்குப் படித்தவர் அல்லர். நிர்வாகத்திடம் மறுத்துப் பேச அவரால் முடியுமா? கைபேசியைத் திறந்தாலோ, சில வாரங்களில் ஆலோசகர் ஆக்குவதாக விளம்பரங்கள். இத்தனையையும் வேடிக்கை பார்த்துவிட்டு, பொறுப்பைப் பெற்றோர்மீது சுமத்துவது நியாயமா?

தங்கள் இதழின் மனநலக் கேள்வி பதில் பகுதியில் பதில் எழுதுபவரின் புகைப்படம் இருக்கிறது, படிப்பு இல்லை. பல ஆண்டு வாசகன் என்ற உரிமையில் கேட்கிறேன்: அவர் என்ன படித்தார், எங்கே பதிவு செய்திருக்கிறார் என்று பெயருக்குக் கீழே ஒரு வரி சேருங்கள். பதிவு இல்லையென்றால், இல்லை என்றே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திண்டுக்கல்.