கட்டாயத் தாலியைக் காதல் என்று எழுதாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் சின்னத்திரைப் பக்கத்தில் மாலை நேரத் தொடர் ஒன்றின் கோயில் காட்சியைப் புகழ்ந்து எழுதியிருந்தீர்கள். கதாநாயகன் அந்தப் பெண்ணைத் தரதரவென்று இழுத்து வந்து, அவள் மறுக்க மறுக்கத் தாலி கட்டுகிறான். அந்தக் கணமே இருவருக்குள்ளும் காதல் அரும்பிவிட்டதாம், இல்லத்தரசிகள் சொக்கிப்போனார்களாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நானும் ஓர் இல்லத்தரசிதான். எனக்கு அடிவயிறு எரிந்தது.

என் அத்தை மகளுக்கு இப்படித்தான் கல்யாணம் நடந்தது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் பின்னாலிருந்து வந்து ஒருவன் மஞ்சள் கயிற்றை முடிந்துவிட்டான். போலீசுக்குப் போகலாம் என்று ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. கழுத்தில் ஏறிவிட்டது, இனி அவன்தான் புருஷன் என்று பெரியவர்கள் சீர் பாத்திரம் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். விடுமுறையில் நான் அவள் வீட்டுக்குப் போவதுண்டு. வாசலில் அவர் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போதும், பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. போகப் போகக் காதல் வந்துவிடும் என்று கதை எழுதுகிறவர்கள் ஒரே ஒரு நாள் அவள் வீட்டில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

உங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை. கட்டாயத் திருமணத்துக்காக ஒரு பெண்ணைக் கடத்தினால், நாட்டின் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 87-வது பிரிவின்படி பத்தாண்டு வரை சிறை. வற்புறுத்திச் சம்மதம் வாங்கிய திருமணத்தை நீதிமன்றத்தில் ரத்து செய்ய இந்து திருமணச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. தாலிகூட வேண்டாம், இருவரும் மனமொப்பிச் சொல்லி மாலை மாற்றினாலே திருமணம் செல்லும் என்று 1967-லேயே சட்டத் திருத்தம் செய்த மாநிலம் இது. அதே மாநிலத்தில், பெண்ணின் சம்மதத்தைக் கால் தூசாக நினைக்கிறவனை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்து கதாநாயகன் என்கிறார்கள். பாராட்டி எழுத உங்கள் பத்திரிகை இருக்கிறது.

வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் துரத்திக்கொண்டே இருந்தால் ஒருநாள் மனம் இரங்குவாள் என்பது இவர்களின் இன்னொரு பாடம். 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவியை ஓடும் ரயில் முன் ஒருவன் தள்ளிக் கொன்றானே, அந்தச் செய்தியை நீங்களும்தானே வெளியிட்டீர்கள்? அவளும் வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

தொடர்களில் காதலர்கள் பேசிக்கொள்வதே இல்லை. தடுக்கி விழுவாள், அவன் தாங்கிப் பிடிப்பான், அதையே மூன்று கோணத்தில் காட்டுவார்கள். கல்யாணமானதும் அவள் வேலையை விட்டுவிடுவாள். ‘பாரதி கண்ணம்மா’வில் கணவன் படித்த மருத்துவர். மனைவி மேல் கொண்ட சந்தேகத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தார்கள். அவள் தவித்த தவிப்புக்கு, கடைசியில் அவன் மனம் திருந்துவதுதான் பரிசு. ஓர் ஆணும் பெண்ணும் மரியாதையோடு பழகுவதைக் காட்டவே முடியாதா என்றால், முடியும். 2003-ல் தொடங்கிய ‘கோலங்கள்’ தொடரில் அபியும் தொல்காப்பியனும் தோழமையோடு பழகியதை இந்த ஊரே வருஷக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தது. அதையும் இதே இல்லத்தரசிகள்தான் பார்த்தோம்.

நான் பதிவுத் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். காதலித்தவர்களை மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். ஒரு பையன் திருமண விண்ணப்பத்தை நிரப்பும்போது பெண்ணின் அம்மா பெயர், அப்பா பெயர், அவள் பிறந்த தேதி எதையும் அவளைக் கேட்காமலே எழுதிக்கொண்டு போனான். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனது. அவள் பேனாவை வாங்கித் திருத்திவிட்டு அவன் முழங்கையில் மெல்ல இடித்தாள். எதிர்ச்சாரி டீக்கடையில் அவளுடைய தாய்மாமன்கள் நிற்கிறார்கள் என்பது இருவருக்கும் தெரியும். அப்படியும் சிரித்தார்கள். அதைப் போல் ஒரு காதல் காட்சியை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை.

அந்த மாமன்கள் சொத்துக்காக வந்து நிற்கவில்லை, சாதிக்காக நின்றார்கள். சாதி, மதம் தாண்டி மணப்பவர்கள் நாடும் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி முப்பது நாள் ஒட்டிவைக்கும் திருமண அறிவிப்பை விரல் வைத்துப் படிக்க வருகிறவர்களும் அதற்காகத்தான் வருவார்கள். நம் தொடர்களிலோ பணக்கார வீட்டுப் பிள்ளை, அந்த வீட்டில் வேலை செய்யும் பெண், நடுவில் பணம். சாதியை யாரும் தொட மாட்டார்கள். பயம். பால் டம்ளரில் விஷம் கலக்க மட்டும் பயமில்லை.

சினிமாவுக்குத் தணிக்கைச் சான்று வேண்டும். தொடர்களுக்கு அது கிடையாது. ஒளிபரப்பான பிறகு பார்த்தவர்கள் புகார் செய்துகொள்ள வேண்டியதுதான். அதனால்தான் பத்திரிகை எழுதும் நாலு வரி எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. நான் கல்யாணமாகி வந்த நாள் முதல் உங்கள் பத்திரிகையை வாங்குகிறேன். அந்த உரிமையில்தான் இவ்வளவும் எழுதினேன்.

தொடரை நிறுத்தச் சொல்லி உங்களிடம் கேட்கவில்லை. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அந்தக் கோயில் காட்சியில் நடந்தது குற்றம் என்று ஒரு வரி போடுங்கள். பக்கத்தின் மூலையில் பெண்கள் உதவி எண் 181-ஐ வாரந்தோறும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.