கட்டுரைக் கொப்பியை மட்டும் எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலையில் பழைய பேப்பர், போத்தல் வாங்கும் கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வகுப்பேறியதும் தேயிலைத் தோட்டங்களிலிருந்து உரப்பை உரப்பையாகக் கொப்பிகள் வந்து இறங்கும். அவற்றில் பாதி வடைக் கடைகளுக்குப் போகும். நானுஓயா பக்கம் ரயிலில் இறால் வடை வாங்கியவர்களுக்குத் தெரியும், யாரோ ஒரு பிள்ளையின் பின்னக் கணக்கு எண்ணெய் ஊறிக் கைக்கு வரும்.

கணக்குக் கொப்பி போகட்டும். சமூகக்கல்வி, விஞ்ஞானம் எல்லாம் கரும்பலகையைப் பார்த்து எழுதியவைதான், அவையும் போகட்டும். தமிழ்க் கட்டுரைக் கொப்பியை மட்டும் வீட்டில் வையுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். வியாபாரத்தைக் கெடுக்க நானே கடிதம் எழுதுகிறேன் என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

எடை போடும் முன் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். அநேகமான கட்டுரைகள் வழிகாட்டிப் புத்தகத்தில் இருந்து வந்தவை. ‘நான் ஒரு குடை பேசுகிறேன்’ என்றால் எல்லாத் தோட்டத்துக் குடையும் ஒரே மாதிரித்தான் பேசும். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ‘மழைநாள்’ என்று எழுதியிருந்தது. மழையில் நனைந்த கொழுந்து என்று நிறுவையில் கிலோ கழித்ததால் அம்மாவுக்கு அன்று அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்ததாம். அம்மா வாசலில் நின்று இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் பிழிந்தாராம், காலில் அட்டை கடித்த இடத்துக்குத் தங்கச்சி சுண்ணாம்பு வைத்தாளாம். ‘கழிச்சாங்க’ என்று இருந்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஆசிரியர் ‘கழித்தார்கள்’ என்று திருத்தியிருந்தார். புள்ளி என்னவோ பத்துக்கு ஐந்துதான்!

அந்தக் கொப்பியை எடைக்குச் சேர்க்காமல் வைத்திருந்து, தகப்பன் அடுத்த முறை வந்தபோது கொடுத்தேன். “இத வச்சு என்ன அண்ணே செய்ய?” என்றார்.

நியாயமான கேள்விதான். நம் ஆட்கள் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து 1823இல் இந்த மலைக்கு வந்ததாகக் கணக்கு வைத்து, 2023இல் இருநூறு வருஷம் என்று ஊரெல்லாம் கூட்டம் போட்டோம். அந்த இருநூறு வருஷத்தில் தோட்டத்தை நடத்திய துரைமார் எழுதிய கணக்கும் கடிதமும் நிறைய இருக்கின்றன. தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குள் இருந்தவர்கள் தம் கையால் எழுதி மிஞ்சியது கொஞ்சம்தான். இங்கே பக்கத்து வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை, நம் சனங்கள் பாடிய பாட்டுகளைத் தேடி எழுதி வைத்தார். எல்லாத் தோட்டத்துக்கும் ஒரு சி.வி. வருவாரா? இப்போது பிள்ளைகள் தாமே எழுதுகிறார்கள். நாமோ அதை நிறுத்து விற்கிறோம்.

பிள்ளைகள் கொப்பியைக் கழிப்பதற்கு இன்னொரு காரணம் அந்தச் சிவப்பு மை. வெட்கப்படுகிறார்கள். சிவப்போடுதான் வைக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அப்புறம், ஒவ்வொரு கட்டுரைக்கு மேலும் திகதி எழுதச் சொல்லுங்கள். எந்த வருஷம், எந்த வகுப்பு என்று தெரியாத கொப்பிதான் முதலில் குப்பைக்குப் போகிறது.

நம் பக்கத்து ஈரத்தில் காகிதம் வைப்பது லேசான காரியம் இல்லை. பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் உள்ளேயே பூஞ்சணம் பிடிக்கும். நல்ல வெயில் நாளில் விரித்துக் காயவைத்து, மூடியுள்ள பிஸ்கட் டின்னில் போட்டு, தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். கம்பிப் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும், அதைக் கழற்றிவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். பென்சில் எழுத்து தண்ணீர் பட்டாலும் ஓடாது, ஆகவே சின்ன வகுப்புக் கொப்பிகளையும் துணிந்து வைக்கலாம்.

மூட்டை கட்டும்போது எந்தக் கொப்பி வீட்டில் இருக்க வேண்டும் என்று பிள்ளையிடமே கேளுங்கள். எடை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
பழைய பேப்பர் கடைக்காரர்,
தலவாக்கலை.