அதிகாரத்தின் பின்பாதி

தண்டையார்பேட்டை

கர்த்தருக்குள் பிரியமான நண்பருக்கு,

ஸ்தோத்திரம். இங்கே அனைவரும் சுகம். இளையவளுக்கு மணலியில் வேலை கிடைத்திருக்கிறது. தங்கள் அம்மாவின் சுகத்துக்காக இத்தனை காலம் ஜெபித்தும் பலன் காணாததால் தங்கள் விசுவாசமே ஆட்டம் கண்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள்.

புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தில், விசுவாசம் இன்னதென்று சொல்லும் 11-ஆம் அதிகாரத்து முதல் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லாதவர் நம் சபைகளில் இல்லை. ஆனால் செங்கடலைக் கடந்தவர்களையும், சிங்கங்களின் வாயை அடைத்தவர்களையும், மரித்தோரை உயிரோடு திரும்பப் பெற்ற ஸ்திரீகளையும் சொல்லிவந்த அந்த அதிகாரம், 35-ஆம் வசனத்தின் நடுவில் திசை மாறி, வாதிக்கப்பட்டவர்களையும் கல்லெறியுண்டவர்களையும் ஆட்டுத்தோல் போர்த்து அலைந்தவர்களையும் அதே வரிசையில் நிறுத்துகிறது. இவர்களெல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையவில்லை என்று 39-ஆம் வசனம் ஒளிக்காமல் சொல்கிறது. கேட்டது கிடைக்காததை விசுவாசக் குறைவுக்கு அடையாளமாக்க இதன்பின் யாருக்கு உரிமை இருக்கிறது? நாமோ டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புத்தாண்டுக்கென்று வேத வசனம் அச்சிட்டுத் தரும் வாக்குத்தத்த அட்டையை லாட்டரிச் சீட்டைப் போலப் பிரித்துப் பார்க்கிறோம். (இதை எங்கள் ஆயரிடம் சொல்லிவிடாதீர்கள்.)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்து, படகும் வலையும் கறுத்துப்போனது தங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஆண்டிறுதி ஆராதனையில் காட்டுக்குப்பத்து மீனவர் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்தார். வேதாகமத்தைப் பிடித்திருந்த விரல்களின் நகக்கண்ணில் கறை அப்படியே இருந்தது. “வலை போச்சு, நிவாரணம் எப்ப வருமோ தெரியாது, ஆண்டவர விட்டுட்டு நான் எங்க போவேன்” என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டார். அல்லேலூயா எழவில்லை, அற்புதம் நடந்த சாட்சிகளுக்கே பழகிய சபை எங்களுடையது. எனக்கோ அன்றைய பிரசங்கத்தைவிட அதுவே மனதில் நின்றது.

சந்தேகம் வருவதே பாவமோ என்றும் கேட்டிருந்தீர்கள். மாற்கு சுவிசேஷம் 9-ஆம் அதிகாரத்தில், பிள்ளையின் சுகத்துக்காக வந்து, விசுவாசிக்கிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் அவிசுவாசம் நீங்க உதவி கேட்டு அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை. அவன் பிள்ளை சுகமானதுபோல அம்மாவும் சுகமாவார் என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அவன் அழுததுபோல அழுது ஜெபிக்கத் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

விசுவாசமிருந்தால் மாத்திரை எதற்கு என்று அங்கே யாரோ கேட்டாராமே, அதில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. உடன் ஊழியனான தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னவர் அப்போஸ்தலன் பவுலே அல்லவா? மருத்துவர் கொடுத்ததைத் தவறாமல் கொடுங்கள். ஈஸ்டர் விடுமுறையில் நானும் மனைவியும் அம்மாவைப் பார்க்க வருகிறோம்.

கிறிஸ்துவுக்குள்,
தங்கள் நண்பன்