டேமியன் ஹர்ஸ்டுக்கு: இரண்டையும் எரிப்பு என்று சொல்லாதீர்கள்

பிரிட்டிஷ் ஓவியர் திரு. ஹர்ஸ்ட் அவர்களுக்கும் அவருடைய ஓவியங்களை விற்ற ஹெனி நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். 2022 அக்டோபரில் லண்டன் நியூபோர்ட் ஸ்ட்ரீட் கேலரியில் நீங்கள் உங்கள் ஓவியங்களையே எரித்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. வெள்ளி நிறக் கால்சட்டை, கையுறை. வண்ணப் புள்ளிகள் வைத்த தாளைக் கேமராவுக்குக் காட்டுவது, தீயில் போடுவது, அடுத்தது. (நெருப்பைக் கண்டால் கூட்டம் கூடத்தானே செய்யும்.)

நான் எழுதுவது யாரும் வேடிக்கை பார்க்காத இன்னொரு அழிப்பைப் பற்றி. ‘தி கரன்சி’ என்ற உங்கள் திட்டத்தில் தாளில் வரைந்த 10,000 ஓவியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு என்எஃப்டி, அதாவது உரிமையாளர் யார் என்று காட்டும் டிஜிட்டல் டோக்கன். தாளா, என்எஃப்டியா, ஒன்றுதான் மிஞ்சும், தேர்ந்தெடுங்கள் என்று வாங்கியவர்களிடம் சொன்னீர்கள். 5,149 தாளுக்குப் போயின. 4,851 என்எஃப்டியாக நின்றன, அதில் 1,000 உங்களுடையதே. தாளைக் கேட்டவர்களின் டோக்கன்கள் அழிக்கப்பட்டன. அதையும் ‘எரிப்பு’ என்றே சொன்னீர்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

டோக்கனை எரிப்பது என்றால் வழக்கமாக என்ன நடக்கிறது? வெறும் நாற்பது பூஜ்யங்களால் ஆன முகவரிக்கு அது மாற்றப்படுகிறது. அந்த முகவரியைத் திறக்கும் ரகசியச் சாவி யாரிடமும் இல்லை. படம் பெரும்பாலும் பிளாக்செயினுக்கு (டோக்கன் கைமாறுவதைப் பதியும் டிஜிட்டல் பதிவேட்டுக்கு) வெளியே ஏதோ ஒரு சர்வரில் இருக்கும். அதைத் தீ தொடுவதே இல்லை. யார் வாங்கினார், யாருக்கு விற்றார், எந்த நொடியில் எரித்தார், எல்லாம் வில்லங்கச் சான்று போல அப்படியே கிடக்கும். போனது உரிமை மட்டும். இனி விற்க முடியாது, அவ்வளவுதான்.

தாள் அப்படியா? எரிந்தால் சாம்பல். ஆனால் அந்தத் தாள் பொய்யும் சொல்லும். 2016இல் செய்ததாகச் சொன்னவற்றில் குறைந்தது 1,000 சில ஆண்டுகள் கழித்து வரையப்பட்டவை என்று 2024இல் ‘தி கார்டியன்’ எழுதியது. திட்டம் மனதில் உருவான ஆண்டைப் போடுவது உங்கள் வழக்கம் என்று உங்கள் தரப்பு வழக்கறிஞர்கள் விளக்கம் தந்தார்கள். இருக்கட்டும். பிளாக்செயினில் இப்படித் தேதியைப் பின்னுக்குத் தள்ளிப் போட வழியில்லை.

தாள்களை எரிப்பது அழிப்பல்ல, அவற்றை என்எஃப்டியாக மாற்றும் வேலையை முடித்துவைப்பது என்று அன்று சொன்னீர்கள். அப்படியானால் அந்த 5,149 டோக்கன்கள் எதுவாக மாறின? அவற்றின் எரிப்புப் பதிவுகளை அச்சிட்டு, தாள்கள் எரிந்த அதே கேலரிச் சுவரில் ஒருமுறை ஒட்டுங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி.

இப்படிக்கு,
ஒரு பார்வையாளன்