கணக்கியல் கழகம் டீசட்டைக்கு மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகள் படிக்கும் சிறிய கல்லூரியில் கணக்கியல் கழகம் என்று ஒன்று இருக்கிறது. சந்தா வாங்குகிறார்கள், டீசட்டை கொடுக்கிறார்கள், பேனரைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள், அப்புறம் அடுத்த வருடம் புது மாணவர்கள் வரும்போதுதான் அந்தப் பேனர் அலமாரியை விட்டு வெளியே வரும்.

இந்த நாட்டில் கணக்காளர் என்று சொல்லிக்கொள்ள, 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டப்படி மலேசியக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட பட்டமோ தொழில்முறைத் தகுதியோ வேண்டும், கூடவே மூன்றாண்டு வேலை அனுபவமும் வேண்டும். டிப்ளோமா மட்டும் போதாது என்பதே என் மகளுக்கு ஈப்போவில் வேலை செய்யும் உறவுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது, அதுவும் கடைசி செமஸ்டரில். பட்டணத்துப் பிள்ளைக்கு இதைச் சொல்ல வீட்டிலேயே ஒரு மாமா இருப்பார். செம்பனைக் குலை வெட்டும் அப்பா எங்கே போய்க் கேட்பார்? கல்லூரியில் கழகம் என்று ஒன்று இருப்பதே இதற்குத்தானே.

பெரிய செலவும் இல்லை. சுங்கை சிப்பூட்டிலேயே கணக்கு அலுவலகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு சனிக்கிழமை கூப்பிட்டால் வராமலா போவார்கள்? 2024 ஆகஸ்டில் பெரிய நிறுவனங்களில் தொடங்கிய இ-இன்வாய்ஸ், அதாவது வரித்துறை வழியாகப் போகும் மின்னணு ரசீது, படிப்படியாக மற்ற பலருக்கும் வந்துவிட்டது, இங்குள்ள கடைக்காரர்கள் பலர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறார்கள். மாணவர்கள் கற்றுக்கொண்டு அவர்களுக்கு உதவட்டுமே, மாணவர்களுக்கும் பயிற்சி, கடைக்காரருக்கும் நிம்மதி.

விரிவுரையாளர்களுக்கு நேரமில்லை என்கிறார்கள். சரி, அப்படியானால் சந்தா வாங்குவதையாவது நிறுத்துங்கள்.

ஒரு தந்தை,
சுங்கை சிப்பூட்