கத்தாமல் ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

போன வாரம் நான் போனில் பேசியபோது, "ஏன்டா இப்படிக் கத்துற, காது வலிக்குது" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். எனக்குக் காது மந்தமாகி ஒரு வருடம் ஆகிறது. தன் காதில் விழாதது அடுத்தவன் காதிலும் விழாது என்று நினைப்பு, அதான் கத்தல்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் காதுக் கருவி வாங்கி மாட்டிக்கொண்டேன். முதல் நாள் உலகமே தகர டப்பாவுக்குள் உருண்டது. பேரன் போட்ட பாட்டில் தாளத்தின் அடி மட்டும்தான் கேட்டது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை. அவனை விட்டே யூடியூபில் தேடச் சொல்லி ஒருவர் பாட்டைப் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் காதில் வந்து உட்கார்ந்தது. யார் தெரியுமா? அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ்.

சிரிக்காதே. பொன்மலை காலனியில் கிறிஸ்துமஸ் வந்தால் ஆங்கிலோ இந்திய வீடுகளில் அவருடைய கிறிஸ்துமஸ் ரெக்கார்டு ஓடுமே, நாம்கூட 'தூக்க மாத்திரை' என்று பெயர் வைத்தோமே, அதே ஆள்தான். நமக்குப் பாதி இங்கிலீஷ் புரியாத அந்தக் காலத்திலும் அவர் வரிகள் மட்டும் புரிந்தன. அப்போது அதைப் பெரிதாக எண்ணவில்லை.

இப்போது வேலை வெட்டி இல்லை அல்லவா, பாட்டுகளை வருட வாரியாகக் கேட்டு வருகிறேன். 1953இல் வந்த 'மெக்சிகன் ஜோ' கேட்டதும் பேரன் வேறு யாரையோ போட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். குரல் மேலே, துள்ளல், திருவிழாக் கடைக்காரன் கூவுவதுபோல ஒரு அவசரம். அது கன்ட்ரி என்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணிப் பாட்டுகளின் பட்டியலில் முதலிடம் வேறு பிடித்திருக்கிறது. மனிதர் டெக்சஸ்காரர். பேஸ்பாலில் பந்து வீசுபவராக இருந்து, நரம்பில் அடிபட்டு ஆட்டத்தை விட்டு, ரேடியோ அறிவிப்பாளராகப் போனவர். மைக்கில் கத்த வேண்டியதில்லை என்று அந்த வேலையே சொல்லிக்கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். ஆனாலும் பாட்டில் அது வர நாளாயிற்று.

1957இல் 'ஃபோர் வால்ஸ்'. தயாரிப்பாளர் செட் அட்கின்ஸ், அது பெண் பாட வேண்டிய பாட்டு என்று தயங்கியிருக்கிறார். இவர் விடவில்லை. உதடு மைக்கில் முட்டும் அளவுக்கு நெருங்கி நின்று, குரலை இறக்கிப் பாடினார். கன்ட்ரி பாட்டென்றாலே இழுக்கும் அந்தப் பிடிலும் ஸ்டீல் கிட்டாரும் ஒதுங்கிவிட்டன. கன்ட்ரி பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில் ஊரின் பெயரால், நாஷ்வில் சவுண்ட் என்று பின்னால் பேசப்பட்ட பாணிக்கு வழிகாட்டிய பாட்டுகளில் இதுவும் ஒன்று.

அப்புறம்தான் 'ஹீல் ஹேவ் டு கோ'. இதை நீ உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒருவன் பாரிலிருந்து காதலிக்குப் போன் போடுகிறான். அவள் பக்கத்தில் இன்னொருத்தன் இருக்கிறான். இவனோ சண்டை போடவில்லை. வாயைப் போனுக்கு இன்னும் கிட்டே கொண்டுவரச் சொல்கிறான், இங்கே ஜூக்பாக்ஸை, அதான் காசு போட்டால் பாடும் பெட்டியை, குறைக்கச் சொல்கிறேன், நீ அங்கே இருப்பவனைப் போகச் சொல் என்கிறான். அவ்வளவுதான் கதை. எழுதியவர்கள் ஜோ ஆலிசனும் அவர் மனைவி ஆட்ரியும். ஆட்ரிக்கு மெல்லிய குரலாம், போனில் பேசும்போதெல்லாம் கணவர் அதைத்தான் சொல்வாராம், போனைக் கிட்டே வை என்று. என் வீட்டில் நேர்மாறு. "போனை வாயிலிருந்து எட்ட வைங்க" என்று உன் தங்கச்சி தினமும் திட்டுகிறாள்.

இசைத்தட்டில் இது பின்பக்கத்துப் பாட்டு. முன்பக்கம் வேறொன்று, அதை இன்று யாரும் கேட்பதில்லை. ரேடியோக்காரர்கள் தட்டைத் திருப்பிப் போட்டார்கள். 1960இல் கன்ட்ரி பட்டியலில் 14 வாரம் முதலிடம், பொதுப் பட்டியலில் இரண்டாமிடம்.

1964 ஜூலை 31, நாஷ்வில் பக்கத்தில் புயல் மழை. தன் சின்ன விமானத்தைத் தானே ஓட்டி வந்தவர் விழுந்து போனார். கூட வந்த பியானோக்காரரும் போனார். வயது 40. உடல்களைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

அதோடு பாட்டு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, நிற்கவில்லை. மனைவி மேரி டேப்புகளைப் பத்திரமாக வைத்திருந்தார். அதில் ஒன்று 'டிஸ்டன்ட் டிரம்ஸ்', அந்தப் பாட்டை எழுதிய சிண்டி வாக்கருக்காக மாதிரிக்குப் பாடி வைத்த பதிவு. அதன்மேல் வாத்தியங்களைச் சேர்த்து வெளியிட்டார்கள். 1966இல், பீட்டில்ஸ் கொடி கட்டிப் பறந்த இங்கிலாந்தில், அது ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. இது சரி. ஆனால் 1981இல், அவரைப் போலவே விமான விபத்தில் இறந்த பாடகி பேட்ஸி கிளைன் குரலையும் இவர் குரலையும் ஒட்டி ஒரு ஜோடிப் பாட்டு செய்தார்கள். உயிரோடு இருந்தபோது இருவரும் சேர்ந்து பாடிப் பதிவே செய்ததில்லை. பாட்டு நன்றாக ஓடியிருக்கிறது. எனக்கு ஒட்டவில்லை. இருவரும் ஒருவரையொருவர் கேட்காமல் பாடுவது இந்த மந்தக் காதுக்கே தெரிகிறது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன நடையை விட்டுவிடாதே. தங்கச்சி உனக்காக மோர் மிளகாய் போட்டு வைத்திருக்கிறாள், பொங்கலுக்குள் யார் மூலமாவது அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போன் செய்வேன். இந்தத் தடவை மெதுவாகத்தான் பேசுவேன். கேட்கவில்லையென்றால் நீ சொல்லு.

உன்
பழைய பெஞ்சுக் கூட்டாளி